பெரிய பிள்ளையான மகளிடம் என்ன பேசுவது?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். ஏழாம் தரத்தில் படிக்கும் என் மகள், நான் மலையில் நின்ற ஒரு நாளில் பெரிய பிள்ளையானாள். வயிற்றுக்குள் ஏதோ அறுந்துவிட்டது என்று பயந்து, நான் வரும்வரை கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தாள். பத்தாம் தரத்தில் படிக்கும் மகன் சில நாட்களாக விடிகாலையில் தன் சாரத்தைத் தானே அலசிப் போடுகிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. சுகாதாரப் பாடத்தில் அந்த அத்தியாயத்தை வீட்டில் வாசிக்கச் சொல்லி டீச்சர் தாண்டிவிட்டாராம். இதையெல்லாம் நாமே பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா, டொக்டர்?

பதில்: கெட்டுப்போக மாட்டார்கள், அம்மா. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும், பாலியல் கல்வி பெற்றதனால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்றே கூறுகிறது.

உங்கள் மகள் கட்டிலுக்கடியில் கழித்த அந்த நேரம் என் மனதை விட்டு அகலவில்லை. சடங்குக்குச் சேலை எடுக்கவும் தண்ணீர் ஊற்றவும் லயமே, அந்த வரிசை வீட்டுக்காரர் எல்லாருமே, கூடியிருக்கும். ஆனால் இப்படி ஒரு நாள் வரும், அது காயமுமல்ல நோயுமல்ல என்று அதற்கு முந்திய வருடம் அவளிடம் சொல்ல ஒருவர்கூட இருக்கவில்லை. இனியாவது சொல்லுங்கள். முதல் இரண்டு வருடங்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வராமல் இருக்கலாம். 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு துணி நனைந்தாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். துணி பாவிப்பதானால் நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் மாற்ற வேண்டும். உங்கள் பக்கத்து மழைக்காலத்தில் எதுவுமே காயாது என்பதும், ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று பிள்ளைகள் ஈரத் துணியைப் பாவாடைக்கு அடியில் மறைத்து உலர்த்துவதும் எனக்குத் தெரியும். அப்படி அரைகுறையாய்க் காய்ந்த துணிதான் அரிப்பையும் புண்ணையும் கொண்டுவருகிறது. அடுப்பங்கரையில் வெளிப்படையாகவே காயப்போடுங்கள், வீட்டு ஆண்கள் பார்த்துப் பழகட்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்: மாதவிடாய் தொடங்கிவிட்டால், அது ஒழுங்காக வராத நாட்களிலும் கர்ப்பம் தரிக்க இடமுண்டு.

மகனுக்கு வந்திருப்பது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தூக்கத்தில் விந்து வெளியேறுவதுதான். அந்த வயதில் அது இயல்பு. இரத்தமும் குறையாது, பலமும் குறையாது. சுவரொட்டி ஒட்டி லேகியம் விற்பவர்களின் பேச்சு அவன் காதில் விழுமுன் தகப்பனோ தாய்மாமனோ இதை அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

இருவருக்கும் பொதுவான ஒரு விடயம் உண்டு. உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய பெயரை அவர்கள் கூச்சமின்றிச் சொல்லப் பழக வேண்டும். யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், பெயர் தெரியாத பிள்ளை எப்படி முறையிடும்? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 16 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகவே ஏற்பதில்லை. காதல் என்று சொன்னாலும் அப்படித்தான். மகனும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். முறையிடுவதற்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது.

ஆறாம் தரத்தில் மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இரண்டு முறை ஏற்றப்பட்டதா என்றும் பாருங்கள். 2017 முதல் பாடசாலைகளில் அதை இலவசமாகவே ஏற்றுகிறார்கள். தவறியிருந்தால் உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். டீச்சர் தாண்டிய அத்தியாயத்தைப் பற்றியும் அந்த மிஸ்ஸிடமே பேசலாம். பெற்றார் கூட்டத்தில் நாலு தாய்மார் சேர்ந்து அதிபரிடம் கேட்டால், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைத்து, பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் அந்தப் பாடத்தை நடத்தச் செய்யலாம்.