பைத்தான் பொதியில் டிடிரேஸ் ஆதரவை ஏஎம்டி64-க்கு மட்டும் கொடுத்தால் போதாதா?

டிடிரேஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் நடப்பதைக் கவனிக்கும் வசதி; ஏஎம்டி64, ஆர்ம்64 இரண்டும் செயலி வகைகள் (ஆர்க்கிடெக்சர்). ஆர்ம்64 பில்டில் எங்கோ முட்டிக்கொண்டு, விட்டுவிடலாம் என்று பாதி முடிவு செய்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி விட்டவன்தான்.

அலுவலகத்துக்குள் பயன்படுத்தும் டெபியன் பொதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பைத்தானை டிடிரேஸ் ஆதரவோடு உருவாக்கும் வித்-டிடிரேஸ் தேர்வை ஏஎம்டி64-க்கு மட்டும் போட்டேன். அப்புறம் சர்வர்களில் பாதி ஆர்ம்64-க்கு மாறின. ஓர் இரவு ஒரு சர்வீஸ் விட்டு விட்டு உறைந்தது. பைத்தானின் ஜிசிதான் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் பகுதி) காரணமா என்று பார்க்க, அது தொடங்குவதையும் முடிவதையும் சொல்லும் இரண்டு புரோப் (நிரலுக்குள் வைக்கும் கண்காணிப்புப் புள்ளி) போதும். சிக்கல் வந்த ஆர்ம்64 இயந்திரங்களில் அந்த இரண்டும் இல்லை. விடியும்வரை ஊகத்திலேயே போனது.

மறுநாள் ஆர்ம்64-க்கும் அதைச் சேர்க்க உட்கார்ந்தால், கோப்பின் வடிவம் தவறு என்று லிங்கர் (கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் கருவி) நின்றுவிட்டது. இரண்டு நாள் தேடினேன். லினக்ஸில் இந்தப் புரோப்களைப் படிக்கும் கருவியான சிஸ்டம்டாப்போடு வரும் டிடிரேஸ் கட்டளை, செமஃபோர்கள் (ஒரு புரோப்பை யாராவது கவனிக்கிறார்களா என்று காட்டும் எண்ணிகள்) அடங்கிய ஓர் ஆப்ஜெக்ட் கோப்பைத் தானே கம்பைல் செய்கிறது. எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சிசி என்ற மாறி சூழலில் இல்லையென்றால், அந்த இயந்திரத்தின் சொந்தக் கம்பைலரான வெறும் ஜிசிசியைக் கூப்பிடும். நான் செய்ததோ கிராஸ் கம்பைல், அதாவது ஏஎம்டி64 இயந்திரத்தில் இருந்தபடி ஆர்ம்64-க்கு உருவாக்குவது. மற்றதெல்லாம் ஆர்ம்64-க்கு இருக்க, அந்த ஒரு கோப்பு மட்டும் ஏஎம்டி64-க்கு உருவாகியிருந்தது. சிசியை எக்ஸ்போர்ட் செய்ததும் சரியானது.

அடுத்தது டாப்செட் கோப்பு, புரோப்களுக்கு எளிய பெயர் தரும் சிஸ்டம்டாப் கோப்பு. அதற்குள் பைத்தானின் நூலகக் கோப்பான லிப்பைத்தானின் முழுப் பாதை இருக்கும், அது ஆர்க்கிடெக்சருக்கு ஆர்க்கிடெக்சர் வேறுபடும். ஒரே பெயரில் வைத்தால் இரண்டு ஆர்க்கிடெக்சரின் பொதிகளைச் சேர்த்து நிறுவ, டெபியனின் நிறுவும் கருவியான டிபிகேஜி விடாது. டாப்செட் அடைவுக்குள் ஆர்க்கிடெக்சர் பெயரில் துணை அடைவு வைத்து அதில் போடுங்கள், சிஸ்டம்டாப் அங்கும் தேடும்.

பில்டு முடிந்ததும் ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரிலும் ரீட்எல்ஃப் (கம்பைல் ஆன கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கட்டளை) ஓட்டி, புரோப்கள் பதிவாகும் ஸ்டாப்எஸ்டிடி குறிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புரோப் பெயர்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஆர்க்யுமென்ட் வரியில் செயலிக்குச் செயலி மாறும் ரெஜிஸ்டர் பெயர்கள் வருவதால் அது ஒத்துப்போகாது.

வேகம் குறையும் என்று யாராவது வருவார்கள். செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. யாரும் கவனிக்காதபோது புரோப் இருக்கும் இடத்தில் எதுவும் செய்யாத ஒரு நாப் கட்டளையும், பைத்தானில் கூடவே ஒரு செமஃபோர் சரிபார்ப்பும் இருக்கும், அவ்வளவுதான்.