லேத் பட்டறைக்கு 4 அங்குலக் கான்கிரீட் தரை போதுமா?

மேஸ்திரி 4 அங்குலம் போதும் என்கிறார், கம்பி வேண்டாம் என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகக் கடன் வாங்கி ஷெட் போடுகிறீர்கள், இயந்திரம் வந்து இறங்கும் தேதியும் குறித்தாயிற்று. அந்த அவசரத்தில்தான் பல பட்டறைகளில் தரை கெடுகிறது.

6 அங்குலம் போடுங்கள், எம்20 கலவையில் (20 என்பது கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும் எண்). கனத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். தரை நிற்பதும் போவதும் அடிமண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

எங்கள் இடம் கோவைக்கு வடக்கே, கரிசல் மண். மழையில் உப்பிப் பெருகும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். அதைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டுக் கிராவல் கொட்டினேன். அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கு. பக்கத்து ஷெட்காரர் இந்தச் செலவை மிச்சம் பிடித்தார். ஐப்பசி மழை முடிந்ததும் அவருடைய தரை நடுவில் மேலே தூக்கிக்கொண்டது.

கான்கிரீட் போட்ட அன்று மிக்ஸர் பக்கத்தைவிட்டு நான் நகரவில்லை. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர், மிஞ்சினால் 27 லிட்டர் தண்ணீர். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். "இவ்வளவு இறுக்கமாக இருந்தால் ஆட்கள் இழுக்க மாட்டார்கள் சார்" என்றார் மேஸ்திரி. "இன்னும் இரண்டு பேருக்குக் கூலி தருகிறேன் மேஸ்திரி, தண்ணீர் மட்டும் வேண்டாம்" என்றேன். அவருக்குக் கோபம்தான். ஆனால் தேவைக்கு மேல் ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. பலம் அங்கேதான் குறைகிறது. இறுக்கமான கலவையை அதிர வைத்துப் படியச் செய்யும் வைப்ரேட்டர் பார்த்துக்கொள்ளும்.

மட்டப்பலகை இழுத்துச் சிறிது நேரம் கழித்து மேலே பளபளவென்று ஈரம் கசிந்து நின்றது. அதன் மேல் வறண்ட சிமென்ட்டைத் தூவித் தேய்க்கக் கொத்தனார் கை வைத்தார். தடுத்துவிட்டேன். அந்த ஈரம் தானாக அடங்கிய பிறகே தேய்த்து மட்டமாக்கும் மணியாசுக் கட்டையை வைக்க வேண்டும். தூவித் தேய்த்தால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், பிறகு தள்ளுவண்டிச் சக்கரம் உருள உருளச் செதில் செதிலாகப் பெயரும்.

கம்பியைப் பொறுத்தவரை, அது விரிசலை வராமல் தடுக்காது. வந்த விரிசலை விரியவிடாமல் பிடித்து வைக்கும். அதற்கு அது கான்கிரீட்டின் மேல்பாதியில் இருக்க வேண்டும். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கம்பி வெறும் செலவு. மறுநாள் காலையிலேயே 12 அடிக்கு ஒரு கோடாக, ஒன்றரை அங்குல ஆழத்துக்குக் கட்டர் விட்டு அறுத்துவிடுங்கள். சுருங்கும் தரை அந்தக் கோட்டிலேயே விட்டுக்கொடுக்கும்.

பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்கள். 7 நாள் போதும் என்பார்கள். அது ஓ.பி.சி. என்ற சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கான குறைந்தபட்சக் கணக்கு. கடையில் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. அதற்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. இயந்திரத்தை 28 நாளுக்குப் பிறகு ஏற்றுங்கள்.

நான் லேத்தில் கடையும் டர்னர், சிவில் படித்தவன் அல்ல. சின்ன லேத்துக்கு 4 அங்குலமே தாராளம் என்று யாராவது இங்கே எழுதக்கூடும். கெட்டி மண்ணில் அது நிற்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தரை ஓரத்தில் இறங்கினால் லேத்தின் அடித்தளமான பெட் முறுக்கிக்கொள்ளும், உருளையாகக் கடைய வேண்டியது ஒரு பக்கம் சிறுத்து டேப்பராக வரும். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் இயந்திரத்தைத் துடைத்த கையோடு மீட்டருக்கு 0.02 மி.மீ. சரிவையும் காட்டும் குமிழி மட்டத்தைப் பெட்டின் மேல் வைத்துப் பார்க்கிறேன். குமிழி இன்றுவரை இடம் மாறவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

பணம் இருந்தால் யாரும் செய்வார்கள் என்று சொல்லாதீர்கள். நான் இதைச் செய்த நேரத்தில் ஒரு பெரிய நிறுவனம் எனக்குத் தர வேண்டிய ஜாப் ஒர்க் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வீட்டு நகையை அடகு வைத்துத்தான் கிராவல் வாங்கினேன்.

உங்கள் மேஸ்திரியிடம் தண்ணீர் அளவையும் பாத்தி கட்டுவதையும் கூலி பேசும்போதே பேசிவிடுங்கள். தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ் வைக்கும் எண்ணம் இருந்தால் இந்தத் தரை அதற்கு ஆகாது. தரையோடு ஒட்டாத தனி அஸ்திவாரம் வேண்டும். அதற்கான வரைபடத்தை இயந்திரம் விற்பவரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள், கான்கிரீட் போட்ட பிறகு உடைப்பது இரட்டைச் செலவு.