வல்கன் என்றொரு கிரகம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜோதிடம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் அப்பத்தா முருகனைப் பார்த்ததில்லை, நம்பினார். என் மகன் இயற்பியல் படிக்கிறான், எலெக்ட்ரானைப் பார்த்ததில்லை, நம்புகிறான். கேட்டால் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்கிறான். அப்பத்தாவைக் கேட்டிருந்தால் புராணத்தில் இருக்கிறது என்றிருப்பார். இயற்கை விதிகள் நாளைக்கும் இப்படியே இருக்கும் என்பதற்கு என்ன சான்று? இப்போது கரும்பொருள் (dark matter) என்று வேறு சொல்கிறார்கள். கண்ணில் படாதாம், எங்கும் நிறைந்திருக்கிறதாம். தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்று நாங்கள் சொன்னால் மட்டும் மூடநம்பிக்கையா?

எஸ்., காரைக்குடி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் சொன்னது நேர்மையான பதில்தான். நானும் பாடப்புத்தகத்தை நம்பித்தான் எலெக்ட்ரானை ஏற்றுக்கொண்டேன். விதிகள் நாளைக்கும் மாறாது என்பதைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே தத்துவவாதி டேவிட் ஹ்யூம் சொல்லிவிட்டார். அதற்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை எல்லோருக்கும் பொது. நாளைக்கும் நெருப்புப் பற்றும் என்று நம்பாத அர்ச்சகர் கற்பூரத் தட்டைக் கையில் எடுக்கமாட்டார். எனவே அதை விட்டுவிடுவோம்.

விஞ்ஞானிகளுக்கென்றே ஒரு நம்பிக்கை உண்டு. பக்தி என்றே சொல்லலாம். பாரிஸைச் சேர்ந்த 19ஆம் நூற்றாண்டு வானியலாளர் லெவெரியேவுக்கு நியூட்டன்மேல் இருந்தது அப்படிப்பட்டது. யுரேனஸ் கிரகம் கணக்குப்படி நகராமல் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. அவ்வளவு தொலைவில் நியூட்டனின் ஈர்ப்பு விதி சற்று மாறுகிறதோ என்று சிலர் ஐயப்பட்டார்கள். லெவெரியே ஐயப்படவில்லை. கண்ணில் படாத இன்னொரு கிரகம் அதை இழுக்கிறது என்றார். அது இருக்கவேண்டிய இடத்தைக் கணக்கிட்டு பெர்லின் வானாய்வகத்துக்குக் கடிதம் போட்டார். கடிதம் கிடைத்தது 1846 செப்டம்பர் 23 அன்று. அன்றிரவே அங்கிருந்த வானியலாளர் யோஹான் காலே தொலைநோக்கியில் தெரியும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர, தாரெஸ்ட் என்ற மாணவர் வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். ஒரு புள்ளி மட்டும் வரைபடத்தில் இல்லை. லெவெரியே சொன்ன இடத்துக்கும் அதற்கும் ஒரு பாகைகூட வித்தியாசமில்லை. அதுதான் நெப்டியூன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இதைச் சொல்லியே இருக்கமாட்டேன். அடுத்து அவர் புதனுக்கு வந்தார். புதனின் நீள்வட்டப் பாதை நியூட்டன் கணக்கைவிட நூறாண்டுக்கு 38 வில்விநாடி கூடுதலாகத் திரும்புகிறது என்று 1859இல் கண்டார் (பிறகு அது 43 என்று திருத்தப்பட்டது). ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. இத்தனூண்டு பிசகுக்கும் அவர் பழைய வைத்தியத்தையே செய்தார். சூரியனுக்கு அருகே இன்னொரு கிரகம் இருக்கிறது என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

கண்ணால் கண்ட சாட்சியும் கிடைத்தது. லெஸ்கார்போ என்ற கிராமத்து மருத்துவர், சூரியனைக் கடந்துபோன ஒரு கரும்புள்ளியைப் பார்த்ததாக எழுதினார். லெவெரியே முன்னறிவிப்பில்லாமல் அவர் வீட்டுக்கே போய்க் குறுக்கு விசாரணை செய்தார். மருத்துவரின் கடிகாரத்தில் விநாடி முள் கிடையாது. தந்த உருண்டை ஒன்றை நூலில் தொங்கவிட்டு ஆட்டி விநாடியை எண்ணியிருந்தார். கணக்கெழுதுவது மரப்பலகையில், இடம் தீர்ந்தால் இழைத்துவிட்டு மறுபடி எழுதுவார். லெவெரியே மனம் நிறைந்து பாரிஸ் திரும்பினார். மருத்துவருக்கு அரசு விருதும் வந்தது.

அதே நேரத்தில் பிரேசிலில் நானும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படி எதுவும் கடக்கவில்லை என்றார் லியே என்ற இன்னொரு பிரெஞ்சு வானியலாளர். லியே ஒன்றும் உண்மைக்காக உயிரை விடும் மகான் அல்ல. அவருக்கும் லெவெரியேவுக்கும் ஆகவே ஆகாது. ஆனால் பகையில் சொன்ன சாட்சியையும் அங்கே தள்ளிவிட முடியவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். விஞ்ஞானி நல்லவனாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை, அவனுக்கு ஒரு எதிரி இருந்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

1877 மார்ச் 22 வாக்கில் வல்கன் சூரியனைக் கடக்கக்கூடும், பாருங்கள் என்றார் லெவெரியே. பல நாடுகளில் பார்த்தார்கள். வரவில்லை. அந்தச் செப்டம்பரிலேயே அவர் காலமானார், கடைசிவரை வல்கனைக் கைவிடாமல். 1878 கிரகணத்தில் அமெரிக்காவில் இருவர் பார்த்ததாகச் சொன்னார்கள், அதுவும் நிற்கவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு எந்தக் கிரகத்தின் துணையுமில்லாமல் அந்த 43ஐக் கொண்டுவந்து நிறுத்தியது. திருத்தவேண்டியிருந்தது நியூட்டனைத்தான்.

ஒரே ஆள், ஒரே பக்தி. ஒருமுறை பலித்தது, மறுமுறை கவிழ்ந்தது. பிடிவாதத்தில் லெவெரியே உங்கள் அப்பத்தாவுக்குச் சளைத்தவரில்லை. ஆனால் அவர் எங்கே, எந்தத் தேதியில் பார்க்கவேண்டும் என்று சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்ன பிறகு அது அவர் கையில் இல்லை.

அப்பத்தாவிடம் யாரும் அப்படித் தேதி கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் பாடியது கல் மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை அல்ல. கல் மூழ்கியிருந்தாலும் அந்தப் பதிகம் பொய்யாகியிருக்காது. இரண்டும் ஒன்றே என்று சொல்லும்போது அறிவியலைவிட அப்பரைத்தான் நீங்கள் அதிகம் குறைக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. ஜோதிடத்தோடு என் சண்டை வேறு. அது தேதியும் சொல்கிறது, பலிக்காவிட்டால் பரிகாரமும் சொல்கிறது.

கரும்பொருள் விஷயத்தில் உங்கள் கிண்டல் நியாயமானது. கோமா என்ற விண்மீன்திரள் கூட்டத்தைச் சிதறாமல் பிடித்துவைக்க அதில் கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவில்லை என்று 1933இல் வானியலாளர் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி சொன்னார். காணாத ஒன்று இழுக்கிறது என்பது அதே லெவெரியே வைத்தியம். இல்லை, விதியைத்தான் மாற்றவேண்டும் என்று 1983இலிருந்து இயற்பியலாளர் மில்க்ரோம் சொல்லிவருகிறார். இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் செனான் என்ற வாயுவைத் திரவமாக்கி டன் கணக்கில் வைத்துக்கொண்டு, கரும்பொருள் துகள் வந்து மோதுகிறதா என்று தேடுகிறார்கள், கரும்பொருள் துகள் எதுவும் இதுவரை சிக்கவில்லை. இது நெப்டியூனா வல்கனா என்று என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால் நெப்டியூன் பக்கம் கட்டுவேன். பெரிய தொகை கட்டமாட்டேன். உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதுங்கள்.