புல்கி 2 பற்றிக் கேட்டவையும் பதில்களும்

அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் ஜெர்மன் விமான வடிவமைப்பாளர் கர்ட் டாங்க்கின் குழு உருவாக்கிய சோதனை ஜெட் போர் விமானம் புல்கி 2. முதலில் பறந்தது 1950 ஜூன் 16.

கேள்வி: இறக்கையைப் பின்னால் சாய்த்து வைப்பது எதற்கு? அழகுக்கா?

அழகும் வந்துவிட்டது, காரணம் அதுவல்ல. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேல்பக்கத்தில் காற்று விமானத்தையும் முந்தி ஓடும். அங்கே அதிர்வலை உண்டாகி இழுவை எகிறும். இறக்கையைச் சாய்த்தால், அதன் முன்விளிம்புக்குச் செங்குத்தாக வரும் வேகம்தான் கணக்கு. புல்கி 2-இன் சாய்வு 40 டிகிரி. மணிக்கு 1000 கி.மீ. போனால், இறக்கையைப் பொறுத்தவரை அது சுமார் 766 கி.மீ.தான். 1935-இலேயே ரோம் மாநாட்டில் ஜெர்மன் விஞ்ஞானி அடோல்ஃப் புஸ்மான் இதைச் சொன்னார். அன்று பலர் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி: அண்ணே, இது ஜெர்மனியின் டா 183-ஐ அப்படியே காப்பி அடித்ததுதானே?

சொந்தம் உண்டு, காப்பி இல்லை. டா 183 என்பது ஜெர்மனியில் டாங்க்கின் நிறுவனம் வரைந்த ஜெட் போர் விமானத் திட்டம்; இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அது பறக்கவே இல்லை. அதற்கென நினைத்திருந்தது ஒல்லியான எஞ்சின். இங்கே கிடைத்ததோ ரோல்ஸ் ராய்ஸ் நீன் என்ற ஜெட் எஞ்சின். காற்றை மையவிலக்கு முறையில் அமுக்குவதால் குறுக்களவு அதிகம். எஞ்சின் குண்டு என்றால் விமானமும் குண்டுதான். அதனால்தான் அந்தத் தொப்பை!

கேள்வி: ஜெர்மன்காரரான டாங்க் அங்கே எப்படிப் போனார்?

அர்ஜென்டினா அதிபர் பெரோனின் அரசு செய்த ஏற்பாட்டில், பெட்ரோ மத்தீஸ் என்ற பொய்ப் பெயரில்.

கேள்வி: ஓட்டுவதற்கு எப்படி இருந்ததாம்?

முரட்டுக் குதிரை. முதலில் ஓட்டிய எட்முண்டோ வைஸ், வேகத்தில் அது பக்கவாட்டில் ஆடுவதைக் கண்டார். 1951 பிப்ரவரியில் டாங்க்கே பெரோன் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே ஆண்டு மே மாதம் இறக்கை பிய்ந்து ஒரு விமானி இறந்தார். 1952 அக்டோபரில் இன்னொரு விபத்தில் சோதனை விமானி ஓட்டோ பெஹ்ரென்ஸும் இறந்தார்.

கேள்வி: உற்பத்திக்கு ஏன் வரவில்லை?

எஞ்சினோடு கட்டியது ஐந்தே ஐந்து, அதுவும் ஏறக்குறைய கைவேலை. காசு தட்டுப்பாடு; 1955-இல் பெரோனும் கவிழ்ந்தார். விமானத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பேன். அப்புறம் 1960-இல் அமெரிக்காவின் சேபர் போர் விமானங்களை வாங்கிக்கொண்டார்கள்.

கேள்வி: டாங்க் என்ன ஆனார்?

நம்ம பெங்களூருக்கு வந்தார்! அங்குள்ள எச்.ஏ.எல். விமான நிறுவனத்தில் அவர் வடிவமைத்த மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17-இல் பறந்தது. அதற்கும் சாய்ந்த இறக்கைதான்.

கேள்வி: புல்கி என்றால்?

அங்குள்ள பழங்குடியினரின் மாபுச்சே மொழியில் அம்பு. மிஞ்சிய ஒன்றை அர்ஜென்டினாவின் மோரோன் நகர அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.