பிஎஸ்ஏ ஏறவில்லை, ஆனால் புராஸ்டேட்டில் லிம்போமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. சிறுநீர் அடைத்துக்கொண்டதால் புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்தார்கள். பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) 2.4தான். ஆனால் பயாப்ஸியில் 'லிம்போமாவாக இருக்கலாம்' என்று வந்திருக்கிறது. புராஸ்டேட்டை முழுதாக எடுத்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். லிம்போமா என்பது ரத்த வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய். அதற்கு மருந்துதான் சிகிச்சை. பிஎஸ்ஏவைச் சுரப்பவை புராஸ்டேட்டின் சுரப்பிச் செல்கள். இங்கே பெருகியிருப்பவை அவை அல்ல. அதனால்தான் அளவு ஏறவில்லை.

'இருக்கலாம்' என்ற அறிக்கையோடு கீமோவுக்குப் போய்விடாதீர்கள். சுரண்டும்போது செல்கள் நசுங்கிப்போகும். நசுங்கிய லிம்போமா செல், சிறுசெல் புற்றுநோய் மாதிரியும் தெரியும், வெறும் அழற்சி மாதிரியும் தெரியும். எனவே லேபில் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, லிம்போமாவில் அனுபவமுள்ள பெத்தாலஜிஸ்டிடம் இம்யூனோ பரிசோதனைக்கு (செல்லின் அடையாளப் புரதங்களைச் சாயமேற்றிப் பார்ப்பது) கொடுங்கள். பார்க்க வேண்டிய அடையாளங்கள்: சிடி20, சிடி3, சிடி10, பிசிஎல்6, மம்1, கேஐ-67, கூடவே சைட்டோகெராட்டின். சிடி20 பாசிட்டிவ், சைட்டோகெராட்டின் நெகட்டிவ் என்றால் பி-செல் லிம்போமாதான் என்ற பக்கம் சாயலாம். முடிவு வரும்வரை ஸ்டீராய்டு மாத்திரை கூடவே கூடாது. சில நாளிலேயே லிம்போமா செல்கள் அழிந்து, மறுபடி பயாப்ஸி எடுத்தாலும் வகை பிடிபடாமல் போகலாம்.

நோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட்-சிடி ஸ்கேனை எஃப்டிஜி மருந்தில் எடுக்க வேண்டும்; புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்எம்ஏ ஸ்கேன் இதற்கு உதவாது. எல்டிஹெச் (ரத்தப் பரிசோதனை), எக்கோ (இதய ஸ்கேன்), எச்ஐவி பரிசோதனைகளும் தேவை. மிக முக்கியம் ஹெபடைடிஸ் பி. மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடியும் பார்க்கச் சொல்லுங்கள். என்றோ வந்து அடங்கிய வைரஸை ரிடுக்ஸிமாப் என்ற லிம்போமா மருந்து எழுப்பிவிட்டால் ஈரலே செயலிழக்கலாம். பாசிட்டிவ் என்றால் என்டெகாவிர் போன்ற மாத்திரையை முன்கூட்டியே தொடங்கி, சிகிச்சை முடிந்தும் ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்வார்கள்.

புராஸ்டேட்டில் அதிகம் வருவது டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் வகை. அதற்கு ஆர்-சாப் (ரிடுக்ஸிமாப், டாக்ஸோரூபிசின், வின்கிறிஸ்டின் உள்ளிட்ட கூட்டு மருந்து) சிகிச்சை, 21 நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் 6 சுற்று. ரிடுக்ஸிமாப் உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 375 மி.கி., டாக்ஸோரூபிசின் 50 மி.கி. என்பது வழக்கமான அளவு. குணமாக்கும் நோக்கத்தோடுதான் கொடுக்கிறார்கள், நம்பிக்கையோடு தொடங்குங்கள். மெதுவாக வளரும் வகையாக இருந்து, தொந்தரவும் இல்லையென்றால் கண்காணிப்பு மட்டுமே போதுமானதாக இருக்கலாம்.

டாக்ஸோரூபிசின் போட்ட ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம். அதற்குப் பிறகும் சிவந்தாலோ கட்டியாக வந்தாலோ ரத்தம். வின்கிறிஸ்டின் மலச்சிக்கலைக் கொண்டுவரும். மலம் இறுகினால் சிறுநீரும் மறுபடி அடைக்கும். முதல் சுற்றிலிருந்தே மலமிளக்கி கேளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.