அப்பாவின் பையிலிருந்து: பழைய லைன்மேன் சாமான் பற்றிக் கேள்வி பதில்

அப்பா டெலிபோன் திணைக்களத்தில் கேபிள் ஜொயின்டர், அதாவது கேபிள் மூட்டுபவர். அவர் விட்டுப்போன தோல் பை ஒன்றில் தொடங்கிய பழக்கம், இப்போது கொழும்பு, கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு அறையையே பிடித்துவிட்டது. பழைய லைன்மேன் சாமான் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதில் வந்து சேர்ந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

வெள்ளவத்தைத் தம்பி ஒருவர்: மாமா வீட்டில் ஒரு குறடு கிடைத்தது. கம்பத்தில் ஆள் ஏறுவது போல முத்திரை. மிகப் பழசா அண்ணா?

அது அமெரிக்காவின் கிளைன் கொம்பனிக் குறடு. 1857இல் சிக்காகோவில் மத்தியாஸ் கிளைனிடம் ஒரு தந்தி லைன்மேன் ஒடிந்த குறட்டைக் கொண்டுவர, அவர் ஒடிந்த பாதிக்குப் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்தாராம். பிறகு மற்றப் பாதியும் ஒடிய, அதற்கும் அடித்துக் கொடுத்தாராம். அதோடு முழுக் குறடும் கிளைனுடையதாகிவிட்டது. கொம்பனி தானே சொல்லும் கதை, ஆனாலும் எனக்குப் பிடிக்கும். கொம்பனி இன்றும் குறடு செய்கிறது, ஆகவே முத்திரையை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தால் பெரும்பாலும் பிந்தியது. வெறும் இரும்புப் பிடியில் யாரோ துணியோ டேப்போ சுற்றியிருந்தால் அதைப் பிரிக்காதீர்கள். பாவித்தவரின் கை அளவு அதில்தான் இருக்கிறது.

தெமட்டகொடையிலிருந்து: பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்று பொறித்திருக்கிறது. காலம் சொல்லலாமா?

செய்த காலம் சொல்லலாம். நாட்டின் பெயர் மாறியது 1972 மே மாதம், அதனால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. பாவித்த காலம் வேறு. திணைக்களத்துக் களஞ்சியச் சாமான் பெயர் மாறிற்று என்று தூக்கிப்போடப்படுவதில்லை.

மருதானை அக்கா ஒருவர்: இரண்டு நீளக் கைப்பிடி, தாடையில் வரிசையாகப் பள்ளங்கள், பக்கத்தில் 40, 70, 100 என்று எண்கள். நட்டு கழற்றுவதா?

இல்லை அக்கா. அது கம்பி முறுக்கும் இடுக்கி. அந்த எண்கள் பெரும்பாலும் இறாத்தல் கணக்கு. பாண் வாங்கும் அதே இறாத்தல்தான்! பிரித்தானிய முறையில் டெலிபோன் கம்பியின் தடிப்பை, ஒரு மைல் நீளம் எத்தனை இறாத்தல் நிறுக்கும் என்று சொல்வார்கள். செப்புக் கம்பியில் 40 என்றால் ஏறத்தாழ 1.27 மில்லிமீற்றர், 100 என்றால் 2 மில்லிமீற்றர். இரண்டு கம்பி நுனிகளையும் எதிரெதிராக ஒரு செப்புக் குழாய்க்குள் விட்டு, இரு முனையையும் இரண்டு இடுக்கிகளால் பிடித்து முறுக்கினால் மூட்டு இறுகிவிடும். ஆகவே உங்களிடம் இருப்பது சோடியில் ஒன்று. மற்றதையும் வீட்டில் தேடிப் பாருங்கள்.

வத்தளையிலிருந்து ஒருவர்: தாத்தாவின் பெட்டியில் பித்தளை புளோ லேம்ப், மரத் தட்டி, கொக்கி போல ஒரு சுரண்டி, கொழுப்பு ஏறிய தடித்த துணி. துணியைக் கழுவி வைக்கலாமா?

கழுவாதீர்கள்! அந்தப் பெட்டியிலேயே அரிய பொருள் அந்தத் துணிதான்.

உங்கள் தாத்தாவும் ஜொயின்டர். அந்தக் காலக் கேபிளுக்கு வெளியே ஈய உறை, உள்ளே கடதாசி சுற்றிய செப்புக் கம்பிகள். கடதாசியில் ஈரம் பட்டால் லைன் போச்சு. அதனால் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி, கடதாசிக் குழாய் மாட்டி, ஈரத்தை விரட்டிய பிறகு, மேலே ஒரு ஈயக் குழாயை இழுத்துவிடுவார்கள். அதன் இரு முனைகளையும் மரத் தட்டியால் தட்டித் தட்டிக் கேபிளோடு படிய வைப்பார்கள். சுரண்டியால் ஈயம் பளபளக்கும்வரை சுரண்டி, மாட்டுக் கொழுப்புத் தடவி, லேம்ப் சூட்டில் பற்றாசை (சோல்டரை) உருக்கி ஊற்றுவார்கள்.

அப்புறம்தான் துணிக்கு வேலை. ரேடியோக்காரரின் பற்றாசு உருகியதும் சட்டென்று இறுகும். ஜொயின்டரின் பற்றாசில் ஈயம் ஏறத்தாழ இரண்டு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. அது 250 பாகை அளவிலிருந்து 183 பாகைக்கு இறங்கும்வரை கூழாகவே நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் துணியை உள்ளங்கையில் பிடித்து, கேபிளைச் சுற்றி வழித்து வழித்து, நடு பருத்து முனை மெலிந்த ஒரு மூட்டாக்கிவிட வேண்டும். அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு வழிப்பார். எங்கள் வீட்டுத் துணியில் பெருவிரல் அழுத்திய இடம் மட்டும் கறுத்துக் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. உங்களுடையதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

துணியிலும் சுரண்டியிலும் ஈயம் இருக்கும். பிள்ளைகள் கைபடாமல் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள். லேம்ப்பைக் கொளுத்திக் காட்டச் சொல்லி விருந்தாளிகள் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். காய்ந்த வோஷரும் அழுத்தத்தில் உள்ள எண்ணெயும் விளையாட்டுச் சாமான் அல்ல.

அவிசாவளையிலிருந்து: லைன்மேன் இடுப்புப் பட்டி ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. தென்னை ஏறப் பாவிக்கலாமா?

வேண்டாம் ஐயா. தோல் வெளியே நன்றாகத் தெரியும், கொளுக்கி மடிப்புக்குள் நூல் இற்றிருக்கும். ஆணியில் மாட்டுங்கள்.

கொம்பனித்தெரு நானா ஒருவர்: லைன் சோதிக்கும் கைபோன் வாங்கினேன், டயலும் இருக்கிறது. வேலை செய்யுமா?

ரோட்டுக் கம்பத்துப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம் நானா. வீட்டிலேயே சோதிக்கலாம். அதையும் பழைய டயல் போன் ஒன்றையும் 9 வோல்ட் பற்றரி ஒன்றையும் தொடராகப் பிணையுங்கள். ஒன்றில் கதைத்தால் மற்றதில் கேட்கும். குரல் மங்கலாக இருந்தால், வாய்ப் பக்கத்தை உள்ளங்கையில் இரண்டு தரம் மெல்லத் தட்டுங்கள். உள்ளே இருப்பது கரித்துகள், ஈரத்தில் கட்டிபடும். ஃபைபர் லைன் உள்ள வீடென்றால், ரூட்டர் பெட்டியின் போன் துவாரத்தில் மாட்டினால் டோன் கேட்கும். ஆனால் டயலைச் சுழற்றினால் பல பெட்டிகளுக்கு விளங்காது.

பம்பலப்பிட்டி தங்கை ஒருவர்: கடற்காற்றில் எல்லாமே துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசினேன், இப்போது பிசுபிசுக்கிறது.

நானும் அந்தப் பிழையைச் செய்தவன்தான். தேங்காய் எண்ணெய் இரும்பில் காறிப் பிசினாகும், தோலில் பூஞ்சணம் பிடிக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். பித்தளையைப் பிராசோ போட்டுத் தேய்க்கத் தோன்றும். ஒருமுறை தேய்த்த லேம்ப் என்னிடம் இருக்கிறது, கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு போல நிற்கிறது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பலர் கேட்டது: எங்கே வாங்குவது, என்ன விலை?

பஞ்சிகாவத்தைப் பழைய இரும்புக் கடைகளில் தேடுங்கள், பழைய சோனகத் தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உங்கள் ஒழுங்கைக்கு வரும் போத்தல் பேப்பர்காரரிடமும் சொல்லி வையுங்கள். பழைய இரும்புக் கடையில் லேம்ப்பைத் தராசில் போட்டுப் பித்தளை நிறைக்குத்தான் விலை சொல்வார்கள். “அன்டிக்” என்ற சொல்லை மட்டும் நீங்கள் முதலில் வாயால் எடுக்காதீர்கள். வெட்டிய கேபிள், செப்புக் கம்பி என்று யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம். அது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய லைன். 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, சேகரிக்கத்தான் வாங்கினேன் என்று பொலிசில் சொன்னால் யார் நம்புவார்கள்?