கார்டன் ரயில்: எந்த கர்வ், எந்த பாயிண்ட்? கேள்வி பதில்

வணக்கம் சிங்கப்பூர் மக்களே. தோட்டத்துல ஓட்டுற 45 மி.மீ கேஜ் (ரெண்டு ரெயிலுக்கும் நடு இடைவெளி) ரயில் பத்தி வந்த கேள்வியெல்லாம் ஒண்ணா சேர்த்து பதில் போடுறேன். கர்வ்னா வளைவு ட்ராக், பாயிண்ட்னா ஒரு லைன் ரெண்டா பிரியுற ட்ராக் பீஸ். எனக்கு தெரிஞ்சது ட்ராக், அதனால லைட்டு சவுண்டு டிகோடர் கேள்விய வேற ஆளுகிட்ட கேளுங்க.

கோவன், டெரஸ் வீடு: அண்ணே, ஸ்டார்டர் செட்டோட ஆர்1 வட்டம் வந்துச்சு. மேல வாங்குற கர்வ், பாயிண்ட் எல்லாம் ஆர்1லயே வாங்கிடலாமா?

வேணாம் தம்பி. எல்ஜிபி (ஜெர்மன் கார்டன் ரயில் பிராண்ட்) ஆர்1ன்னா ரேடியஸ் 600 மி.மீ, 12 பீஸ் போட்டா ஒரு வட்டம், வெளி ஓரம் வரைக்கும் பார்த்தா 1.3 மீட்டர்ல முடிஞ்சிடும். ஆர்2 765 மி.மீ, ஆர்3 1195 மி.மீ, ஆர்5 2320 மி.மீ. செட்ல வர்ற சின்ன நாலு சக்கர இஞ்சினும் ரெண்டு குட்டி பெட்டியும் ஆர்1ல நல்லா ஓடும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா இந்த ஹாபில யாரும் ரெண்டு குட்டி பெட்டியோட நிக்கிறதில்ல, அடுத்த வருஷம் அரை மீட்டர் நீள போகி (பெட்டிக்கு அடியில தனியா திரும்புற சக்கர செட்) கோச் வாங்குவீங்க, அது ஆர்1ல திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கமும் ரெண்டு முனை வெளிப்பக்கமும் தள்ளிக்கிட்டு செடி, தூண், பக்கத்து ட்ராக் எல்லாத்துலயும் உரசும். ரிவர்ஸ்ல தள்ளினா கப்ளிங் (பெட்டிய இணைக்கிற கொக்கி) ஒரு பக்கமா இழுத்து பெட்டி தடம் புரளும்.

உங்க இடத்துக்கு ஆர்3 பாருங்க. அரை வட்டம் திரும்ப ட்ராக் நடு அளவு 2.39 மீட்டர், ரெண்டு பக்கமும் பெட்டி தள்ளுறதுக்கு இடம் விட்டா 2.7 மீட்டர் வேணும். டேப் எடுத்து அளந்துட்டு சொல்லுங்க. அந்த ஆர்1 வட்டத்த தூக்கிப் போட வேணாம், தீபாவளிக்கு ஹால்ல விரிச்சு பிள்ளைங்களுக்கு ஓட்டலாம்.

இன்னொண்ணு, இத எல்லாருக்குமே சொல்றேன்: காசு கம்மியா இருந்தா கர்வ்ல மிச்சம் பண்ணுங்க, பாயிண்ட்ல பண்ணாதீங்க. நீள ரெயில் வாங்கி பெண்டர்ல (ரெயில் வளைக்கிற கருவி) உருட்டினா கர்வ எப்ப வேணும்னாலும் மாத்தி வளைச்சுக்கலாம். பாயிண்ட்டோட வளைவு ஃபேக்டரில முடிவானது, அத நீங்க மாத்தவே முடியாது.

பொங்கோல்: எச்டிபி அடுக்குமாடி காரிடார்ல ஓரமா போடலாமா அங்கிள்?

கூடாது. காரிடார்ல 1.2 மீட்டர் வழி எப்பவும் காலியா இருக்கணும், தீ பாதுகாப்பு விதி. வீட்டுக்குள்ளன்னா எச்ஓ (HO) இல்லன்னா என் (N) ஸ்கேல்னு சின்ன ரயிலுக்குப் போங்க.

செம்பவாங்: வேற வேற பிராண்ட் ஆர்3 கலந்து போடலாமா?

பேர நம்பாதீங்க, மி.மீ பாருங்க. எல்ஜிபி ஆர்3 1195, ஜெர்மன் பீக்கோ (PIKO) ஜி ஆர்3 சுமார் 920. ரெயில் உயரம் ரெண்டும் கோட் 332, அதனால ஒண்ணோட ஒண்ணு அழகா சேரும், சேர்ந்துடுச்சேன்னு சந்தோஷமா போனா வட்டம் மூடாது. இங்கிலாந்து பெகோ (PECO) ட்ராக் கோட் 250, உயரம் கம்மி, அதுக்கு தனி ஜாயினர் வேணும்.

ஈசூன்: செகண்ட் ஹேண்ட்ல ஆர்1 பாயிண்ட் நாலு மலிவா வருது, எடுக்கலாமா?

சின்ன இஞ்சின் மட்டும் போற சைடிங்குக்குன்னா (ஓரமா ஒதுங்குற லைன்) எடுங்க. மெயின் லைனுக்குன்னா மேல கோவன் தம்பிக்கு சொன்னதுதான்.

பீஷான்: பாசிங் லூப் (ரெண்டு ரயில் தாண்டிப்போற ரெட்டை லைன்) போடணும், பாயிண்ட் தாண்டின உடனே பெட்டி தடம் புரளுது.

அது எஸ் வளைவு பிரச்சினை. பாயிண்ட் இடது பக்கம் திருப்புது, உடனே எதிர் கர்வ் வலது பக்கம் திருப்புது, நடுவுல நேர் ட்ராக்கே இல்ல. முன் பெட்டி ஒரு பக்கம் தள்ள பின் பெட்டி மறுபக்கம் தள்ள, கப்ளிங் ரெண்டு மடங்கு விலகும். கப்ளிங் போகியில மாட்டினதுன்னா ஓரளவு சமாளிக்கும், பாடியில மாட்டினதுன்னா கண்டிப்பா விழும். நடுவுல நேர் ட்ராக் வைங்க, உங்க நீளமான பெட்டி அளவுக்கு இருந்தா ரொம்ப நல்லது, குறைஞ்சது 300 மி.மீ. ஆர்3 பாயிண்ட் 22.5 டிகிரி பிரியுது, எதிர் கர்வ ஒட்டியே போட்டா ரெண்டு லைனுக்கும் இடைவெளி 18 செ.மீ, 300 மி.மீ நேர் சேர்த்தா கிட்டத்தட்ட 30 செ.மீ. நடுவுல கை விட்டு பெட்டிய எடுத்து வைக்கவும் அந்த இடம் உதவும்.

சிலேத்தார், ஓய்வுபெற்றவர்: கர்வ் கர்வ்னு ஏன் இவ்வளவு கவலைப்படுறீங்க? நம்ம ஊர்ல ஓடின கேடிஎம் (மலேசிய ரயில்வே) மீட்டர் கேஜும் வளைஞ்சுதானே போச்சு? நான் புக்கிட் தீமா ஸ்டேஷன் மாதிரி போடப்போறேன்.

ஐயா, இந்த கேள்விக்காகவே இன்னிக்கு உக்காந்தது நல்லதாப் போச்சு. மீட்டர் கேஜ் 1000 மி.மீ, நிஜத்த 22.5ல ஒரு பங்கா சுருக்குற 1:22.5 ஸ்கேல்ல 22.5ஆல வகுத்தா 44.4, நம்ம 45 மி.மீ ட்ராக்குக்கு அப்படியே பொருந்துது. அதனால 1:22.5ல கேடிஎம் போடுறது ரொம்ப சரியான தேர்வு. ஆனா நிஜ லைன்ல 100 மீட்டர் ரேடியஸ்ங்கிறதே ரொம்ப இறுக்கமான வளைவு, அதுவே நம்ம ஸ்கேல்ல 4.4 மீட்டர் வரும், ஆர்5ஐ விட பெருசு! நாம எல்லாருமே நிஜத்த விட பல மடங்கு இறுக்கமாத்தான் போடுறோம், அதனாலதான் இவ்வளவு கவலை.

புக்கிட் தீமா ஸ்டேஷன் 1932ல வந்தது. ஒத்த லைன்ல ரெண்டு ரயில் ஒண்ண ஒண்ணு தாண்டிப்போற லூப் அங்கதான் இருந்துச்சு, கையில டோக்கன் (லைன்ல போக அனுமதி) மாத்திக் குடுத்து லைன் விட்டாங்க. 2011 ஜூன் 30ஓட தஞ்சோங் பகார் வரைக்கும் ஓடினது நின்னுச்சு. மாடலுக்கு இதவிட நல்ல இடம் கிடைக்காது: ரெண்டே பாயிண்ட், ஒரு லூப், ஒரு சின்ன கட்டடம், முடிஞ்சா ஒரு இரும்புப் பாலம். நேர்ல போய் படம் எடுத்துட்டு வாங்க, கட்டடம் இன்னும் நிக்குது. ரெண்டு பாயிண்ட் மட்டும்தான் வேணும்ங்கிறதால தயவுசெஞ்சு அந்த ரெண்டையும் ஆர்3 இல்லன்னா ஆர்5ல வாங்குங்க.

கிளமெண்டி: 1:22.5 எல்லாம் பழசு, இப்ப 1:29 தான் நல்லா இருக்கு. ஐயாவுக்கு தப்பா சொல்றீங்க.

தப்பு இல்ல. 1:29 அமெரிக்க ஸ்டாண்டர்ட் கேஜ் இஞ்சினுக்கு. அது நிஜத்துல 1435 மி.மீ, 29ஆல வகுத்தா 49.5 வரும், ஆனா ஓடுறது 45ல. கணக்குப்படி ஸ்டாண்டர்ட் கேஜுக்கு 1:32தான் சரி, 44.8. பார்க்க பெருசா கம்பீரமா இருக்கும்கிறதுக்காக 1:29 வச்சாங்க, பிடிச்சா ஓட்டுங்க. ஐயா கேட்டது மீட்டர் கேஜ்.

கிளமெண்டி மறுபடி: அப்ப என் 1:29 டீசல் எல்லாம் பொய்யா?

யாரும் பொய்னு சொல்லல. உங்க டீசலுக்கு ஆறு சக்கர போகி, பாடி கப்ளிங், அதுக்கு நீங்கதான் இங்க எல்லாரையும் விட பெரிய கர்வ் போடணும். எங்க கேடிஎம் பெட்டி ஆர்3ல சிரமமில்லாம போகும், உங்களுக்கு ஆர்5 பாருங்க. ஸ்கேல் பேச்ச இதோட விட்டுட்டு ட்ராக்குக்கு வருவோம்.

ஜூரோங்: ஆர்1 பத்துமா?

மேல படிங்க.

தெம்பனிஸ்: மதிய வெயில்ல என் கர்வ் தூக்கிக்குது, பாயிண்ட் நாக்கு (லைன் மாத்த நகர்ற ரெயில்) சிக்குது.

பித்தளை சூடுல நீளும். 10 மீட்டர் ரெயில் 30 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட 6 மி.மீ கூடும். காலையில குளிர்ச்சியா இருக்கும்போது போட்டா ஜாயிண்ட்ல கொஞ்சம் இடைவெளி விடுங்க, மதியம் போட்டா கம்மியா விட்டா போதும். கர்வ் ஸ்லீப்பர (ரெயிலுக்கு அடியில இருக்கிற கட்டை) ஸ்க்ரூ போட்டு இறுக்காதீங்க, கர்வ் லேசா வெளிப்பக்கம் நகர்ந்து அந்த நீளத்த வாங்கிக்கணும். அது நகர முடியலன்னா அழுத்தம் முழுக்க பாயிண்ட்டுக்குப் போகும், உங்களுக்கு நடக்கிறது அதுதான். பாயிண்ட்டுக்கு ரெண்டு பக்கமும் சின்ன நேர் பீஸ் வச்சு அங்க இடைவெளி விடுங்க. அடியில உருண்டை கூழாங்கல் போடாதீங்க, உருளும், நாக்குலயும் மாட்டும். உடைச்ச கிரானைட் பொடிக்கல் போடுங்க.

தண்ணி நிக்கவே கூடாது. நம்ம ஊர் மழைக்கு ஒரு ட்ரேல தண்ணி தேங்கி நின்னா ஏடிஸ் கொசுதான், டெங்கு ஆபீசர் வந்தா ரயில் பிடிக்கும்னு சொல்லி தப்பிக்க முடியாது.

உட்லண்ட்ஸ்: பாயிண்ட்டுக்கு மோட்டார் வேணுமான்னு தங்கச்சி கேக்குறா, அவதான் ஓட்டுறா.

பாசிங் லூப்னா முதல்ல மோட்டாரே வேணாம்னு சொல்லுங்க. எல்ஜிபி பாயிண்ட் நாக்கு ஸ்பிரிங் அழுத்தத்துல நிக்கும், பின்பக்கமிருந்து வர்ற சக்கரம் தள்ளிக்கிட்டே போயிடும். ரெண்டு பாயிண்ட்டையும் வேற வேற லைனுக்கு வச்சுட்டா ஒவ்வொரு ரயிலும் தானா தன் லைனுக்கு போகும். பாயிண்ட் நடு பிளாஸ்டிக் ஃப்ராக்ல (ரெயில் ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிற இடம்) சின்ன இஞ்சின் நின்னா கரண்ட் போகாததுதான் காரணம், பேட்டரில ஓட்டுற இஞ்சினுக்கு அந்த தொல்லையே இல்ல.

ஹவ்காங்: சின்ன தோட்டம்தான், ஆர்1...

தோட்டத்தோட நீள அகலம் மீட்டர்ல எழுதி, உங்க நீளமான பெட்டி எத்தன செ.மீன்னு சேர்த்து போடுங்க, அப்புறம் பேசலாம்.

பாசிர் ரிஸ்: கர்வ்லயே ஏத்தம் வைக்கலாமா அண்ணே?

முடிஞ்சவரைக்கும் வேணாம். கர்வே பெட்டிய இழுத்துப் பிடிக்கும், ஏத்தமும் சேர்ந்தா இஞ்சின் வழுக்கும். வேற வழியில்லன்னா 2%, அதாவது மீட்டருக்கு 2 செ.மீ, அதுக்கு மேல போகாதீங்க. பாயிண்ட்ட மட்டும் மட்டமான இடத்துல வைங்க.